மௌனம் எங்கே சம்மதமாகும்? – தானாகப் புதுப்பிக்கப்படும் சந்தாக்கள் குறித்த ஒரு சட்டப் பாடம்

மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் மொழி. ஜேர்மானியக் குடியியற் சட்டத்தின் பொதுநெறி இதற்கு நேர்மாறானது. ஒருவர் பேசாதிருப்பதை அவர் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளலாகாது என்பதே அந்நெறி. ஆயினும், நாம் முன்னரே ஒப்பமிட்டுக் கொடுத்த ஒரு வாசகத்தின் வலிமையால் நம் மௌனமே சம்மதமாகக் கணக்கிடப்படும் இடம் ஒன்று உண்டு. அதுவே தானாகப் புதுப்பிக்கப்படும் சந்தா.

உடற்பயிற்சி நிலைய உறுப்புரிமை, கைத்தொலைபேசி இணைப்பு, வீட்டு இணையம், மின்சாரம், சஞ்சிகை, திரைப்படச் சேவை என்று ஒரு குடும்பத்தின் பெயரில் இன்று பல ஒப்பந்தங்கள் உள்ளன. எமது மொழிபெயர்ப்பு மேசைக்கு வரும் கடிதங்களுள் இவை தொடர்பானவை கணிசமானவை. அவற்றுட் பல, கடன் வசூலிக்கும் நிறுவனம் தலையிட்ட பின்னரே எம்மிடம் வந்து சேர்கின்றன. அவ்வேளையில் மொழிபெயர்ப்பால் ஆகக்கூடியது குறைவு. அதற்கு முன் சட்டத்தை அறிந்திருப்பதால் ஆகக்கூடியது மிகுதி. அதன் பொருட்டே இப்பாடம் எழுதப்படுகிறது.

ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக அறிவிப்பதை ஜேர்மன் மொழியில் ‘கியூண்டிகுங்’ என்பர். இங்கு அதனை முடிவறிவித்தல் எனக் குறிப்பிடுவோம்.

1. பழைய விதியும் புதிய விதியும்

முன்னைய சட்டத்தின்படி, ஒரு நிறுவனம் முதலில் இரண்டு ஆண்டுகள் வரை வாடிக்கையாளரைப் பிணைக்கலாம். அக்காலம் முடிவதற்கு மூன்று மாதங்கள் முன்னதாகவே முடிவறிவித்தல் தரப்படவேண்டும் என நிபந்தனை விதிக்கலாம். அத்தவணை தவறினால் ஒப்பந்தம் மேலும் ஓராண்டு நீளும் என்றும் எழுதலாம். ஒருநாள் மறதிக்கு ஓராண்டுக் கட்டணம் தண்டமாயிற்று.

2021 ஆகத்து மாதத்தில் இயற்றப்பட்ட நியாயமான நுகர்வோர் ஒப்பந்தங்களுக்கான சட்டம் இந்நிலையை மாற்றியது. 2022 மார்ச் 1ஆம் திகதி முதல் செய்யப்பட்ட ஒப்பந்தங்களுக்குப் பின்வரும் மூன்று வரம்புகள் பொருந்தும்:

முதலாவது, ஆரம்ப ஒப்பந்தக் காலம் இரண்டு ஆண்டுகளுக்கு மேற்படலாகாது. இது முன்போலவே உள்ளது.

இரண்டாவது, ஆரம்பக் காலம் முடியும்போது ஒப்பந்தத்தை நிறைவுசெய்ய விரும்புபவரிடம் ஒரு மாதத்திற்கு மேற்பட்ட முன்னறிவித்தலைக் கோரலாகாது.

மூன்றாவது, முடிவறிவித்தல் தரப்படாத ஒப்பந்தம் தொடரலாம். ஆனால் வரையறையற்ற காலத்திற்கே தொடரலாம். அவ்வாறு தொடரும் ஒப்பந்தத்தை வாடிக்கையாளர் எந்த வேளையிலும், மிகக்கூடியது ஒரு மாத முன்னறிவித்தலுடன், முடித்துக்கொள்ளலாம். மீண்டும் ஓராண்டுக்கு அவரைக் கட்டிவைக்க இயலாது.

இவ்வரம்புகளை மீறும் வாசகம் நிறுவனத்தின் பொது வணிக நிபந்தனைகளில் அச்சிடப்பட்டிருந்தாலும், அதன்கீழ் நீங்கள் ஒப்பமிட்டிருந்தாலும், அவ்வாசகத்திற்குச் சட்ட வலு இல்லை. “கையெழுத்து வைத்துவிட்டேன், இனி என்ன செய்வது?” என்று கைவிடுவோர் இதனை மனத்திற்கொள்ளல் வேண்டும்.

2022 மார்ச் 1க்கு முன்னர் செய்யப்பட்ட ஒப்பந்தங்களுக்குப் பழைய விதியே தொடர்ந்து பொருந்துகிறது. ஆகவே பழைய சஞ்சிகைச் சந்தாவோ உறுப்புரிமையோ இன்றும் ஆண்டுதோறும் நீண்டுகொண்டிருக்கலாம். அத்தகையோர் ஒப்பந்தத் திகதியை முதலிற் பார்க்கவேண்டும்.

தொலைபேசிக்கும் இணையத்திற்கும் தனிச் சட்டம் உண்டு. 2021 டிசம்பர் 1 முதல், ஆரம்பக் காலம் கடந்த எந்தத் தொலைத்தொடர்பு ஒப்பந்தத்தையும் ஒரு மாத முன்னறிவித்தலுடன் முடிக்கலாம். இவ்வுரிமை அத்திகதிக்கு முன்னர் செய்த ஒப்பந்தங்களுக்கும் உரியது.

2. நாட்கணக்கு: ஓர் எடுத்துக்காட்டு

கற்பனையாக ஒரு வாடிக்கையாளரை எடுத்துக்கொள்வோம். அவர் உடற்பயிற்சி நிலையம் ஒன்றில் 2023 யூன் 1 அன்று இணைந்தார். ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகளுக்கு உரியது. 2025 மே 31 உடன் ஆரம்பக் காலம் முடிகிறது. மாதக் கட்டணம் 35 யூரோ.

மே 31 உடன் அவர் விலக விரும்பினால், 2025 ஏப்ரல் 30க்குள் முடிவறிவித்தல் நிலையத்தைச் சென்றடையவேண்டும். இங்கு ‘சென்றடைதல்’ என்ற சொல்லே முக்கியமானது. கடிதம் எழுதிய நாளோ அஞ்சலில் இட்ட நாளோ கணக்கில் வராது. அது பெறுநரின் கையில் அல்லது அஞ்சற் பெட்டியிற் சேர்ந்த நாளே கணக்கிற்கு உரியது.

அவர் மறந்துவிட்டார் எனக் கொள்வோம். யூன் நடுப்பகுதியில் நினைவு வந்து மின்னஞ்சல் அனுப்புகிறார். அது யூன் 16 அன்று சேர்கிறது. புதிய விதியின்படி ஒப்பந்தம் யூலை 16 உடன் முடியும். மறதியால் அவர் கூடுதலாகச் செலுத்துவது ஏறத்தாழ ஒன்றரை மாதக் கட்டணம், அதாவது 53 யூரோ அளவில். பழைய விதி அனுமதித்த உச்ச எல்லை இருந்திருப்பின், ஒப்பந்தம் 2026 மே 31 வரை நீண்டு, 420 யூரோ செலவாகியிருக்கும்.

சட்டம் மறதியை முற்றாக மன்னிக்கவில்லை; அதன் விலையைக் குறைத்திருக்கிறது. ஆயினும் அந்த வாடிக்கையாளர் யூனில் எழுதாமல் இருந்திருந்தால், கட்டணம் மாதாமாதம் முடிவின்றிச் சென்றுகொண்டே இருந்திருக்கும். ஒரு மாதம் என்ற வரம்பு, வாய் திறந்து சொன்னவருக்கே பயன்படும்.

3. இவ்விதி பொருந்தாத இடங்கள்

காப்புறுதி ஒப்பந்தங்கள் இவ்வரம்புகளுக்கு உட்படுவதில்லை. அவை ஆண்டுதோறும் ஓராண்டாக நீளலாம். வாகனக் காப்புறுதி பெரும்பாலும் டிசம்பர் 31 உடன் முடியும் ஆண்டுக்கணக்கில் இருப்பதால், அதற்கான முடிவறிவித்தல் நவம்பர் 30க்குள் நிறுவனத்தைச் சேரவேண்டும்.

பதிவுபெற்ற சங்கங்களின் உறுப்புரிமை மற்றொரு விதிவிலக்கு. உதைபந்தாட்டக் கழகமாயினும், சங்கமாகப் பதிவுசெய்யப்பட்ட தமிழ்ப் பாடசாலையாயினும், கலைமன்றமாயினும், விலகும் முறையை அச்சங்கத்தின் யாப்பே வகுக்கிறது. பிள்ளை விளையாட்டுக்குச் செல்வதை நிறுத்திவிட்டதால் உறுப்புரிமை தானே அற்றுப்போவதில்லை. யாப்பைக் கேட்டுப் பெற்று, அதில் குறித்த தவணையில் எழுத்தில் விலகவேண்டும்.

தவணைக்கு முன்னரே விலகும் உரிமை, தக்க காரணம் இருந்தால் மட்டுமே எழும். உடல்நலக் குறைவால் நீண்டகாலம் பயிற்சி செய்ய இயலாதவர் மருத்துவச் சான்றுடன் உடற்பயிற்சி ஒப்பந்தத்தை முடிக்கலாம். வேறு நகருக்குக் குடிபெயர்வதோ பொதுவாக அத்தகைய காரணம் ஆகாது என ஜேர்மனியின் அதியுயர் குடியியல் நீதிமன்றம் 2016ஆம் ஆண்டில் தீர்ப்பளித்துள்ளது. இணைய இணைப்பில் நிலை வேறு: புதிய முகவரியில் அதே சேவையை நிறுவனத்தால் வழங்க இயலாவிடின், ஒரு மாத முன்னறிவித்தலுடன் விலகலாம்.

4. முடிவறிவித்தலை எவ்வாறு தருவது?

கையொப்பமிட்ட கடிதமே வேண்டும் என்று நிறுவனம் வற்புறுத்த இயலாது. 2016 அக்டோபர் 1 முதல் செய்யப்பட்ட நுகர்வோர் ஒப்பந்தங்களில், பொது நிபந்தனைகள் மூலம் அவ்வாறு கோருவது செல்லாது, மின்னஞ்சலே போதுமானது. மாறாக, தொலைபேசியிற் சொல்வது போதிய சான்றாகாது. “தொலைபேசியில் ஆம் என்றார்கள்” என்பதைப் பின்னர் நிறுவுதல் மிகக் கடினம்.

எந்த வடிவில் அனுப்பினும் பின்வருவன இடம்பெறவேண்டும்: ஒப்பந்தக்காரரின் முழுப்பெயரும் முகவரியும், வாடிக்கையாளர் இலக்கம் அல்லது ஒப்பந்த இலக்கம், ஒப்பந்தத்தை முடிப்பதாகத் தெளிவான ஒரு வசனம், எத்திகதியில் என்ற குறிப்பு, அதனுடன் “அல்லது இயன்ற மிக அண்மித்த திகதியில்” என்ற சேர்க்கை, எழுத்தில் உறுதிப்படுத்துமாறு ஒரு வேண்டுகோள். காரணம் கூறவேண்டியதில்லை. மன்னிப்புக் கேட்கவேண்டியதும் இல்லை.

கடிதமாக அனுப்புவோர், ‘ஐன்ஷ்ரைபன்’ எனப்படும் பதிவுத் தபாலைத் தேர்ந்து, அஞ்சலகப் பற்றுச்சீட்டையும் கடிதத்தின் பிரதியையும் வைத்திருத்தல் நன்று.

இணையத்தில் மற்றுமொரு வழி உண்டு. 2022 யூலை 1 முதல், தொடர் ஒப்பந்தங்களை இணையத்தளத்தில் விற்கும் நிறுவனங்கள், அதே தளத்தில் அவற்றை முடிப்பதற்கான பொத்தானையும் வைத்திருக்கவேண்டும். அதில் ‘ஃபெர்ட்ரேகெ ஹியர் கியூண்டிகன்’, அதாவது ‘ஒப்பந்தங்களை இங்கே முடிக்கவும்’ என்றோ, அதேயளவு தெளிவான சொற்களிலோ எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலும் பக்கத்தின் அடிப்பகுதியில் சிறிய எழுத்தில் காணலாம். அதனை அழுத்தினால், பெயர், ஒப்பந்தம், முடிவுத் திகதி போன்ற விவரங்களைக் கேட்கும் பக்கம் திறக்கும். இறுதியில் ‘யெட்ஸ்ட் கியூண்டிகன்’, அதாவது ‘இப்போது முடிக்கவும்’ என்ற இரண்டாம் பொத்தான் வரும். இதனை அழுத்திய பின்னரே முடிவறிவித்தல் நிறைவுறும். முதற் பொத்தானோடு நின்றுவிடுவோர் பலர்.

இப்பொத்தானைப் பற்றி நான்கு செய்திகள் அறியத்தக்கவை. ஒன்று, நீங்கள் ஒப்பந்தத்தைக் கடையில் செய்திருப்பினும், அதே வகை ஒப்பந்தத்தை அத்தளத்திலும் செய்ய இயலுமெனில், பொத்தான் உங்களுக்கும் உரியது. இரண்டு, நிறுவனம் முடிவறிவித்தல் கிடைத்ததை உடனே மின்வழியில் எழுத்தில் உறுதிப்படுத்தவேண்டும். மூன்று, திகதி எதுவும் குறிக்காவிடில், ஐயமுள்ள விடத்து, இயன்ற மிக அண்மித்த திகதியே கொள்ளப்படும். நான்கு, சட்டப்படி வைக்கவேண்டிய பொத்தான் வைக்கப்படாதிருப்பின், வாடிக்கையாளர் எந்த வேளையிலும் முன்னறிவித்தற் காலமின்றி ஒப்பந்தத்தை முடிக்கலாம். நிதிச் சேவைகளை வழங்கும் இணையத்தளங்கள் மட்டும் இக்கடமைக்கு உட்படுவதில்லை.

கைத்தொலைபேசிச் செயலிகள் வழியே எடுத்த சந்தாக்களில் இன்னுமோர் எச்சரிக்கை. செயலியை அழித்துவிட்டால் சந்தா முடிவதில்லை. செயலிக் கடையிலுள்ள உங்கள் கணக்கில், சந்தாக்கள் என்னும் பகுதிக்குச் சென்று அதனை முடித்தல் வேண்டும்.

5. பணத்தை நிறுத்துவது முடிவறிவித்தல் ஆகாது

எம்மிடம் வருவோர் மிகுதியாக இடறும் இடம் இதுவே. வங்கிக் கணக்கிலிருந்து நிறுவனம் தானாகப் பற்றிய தொகையை எட்டு வாரங்களுக்குள் காரணம் கூறாமலே திரும்பப் பெறலாம். அனுமதியே வழங்காத பற்றாயின் பதின்மூன்று மாதங்கள் வரை அவகாசம் உண்டு. இவ்வுரிமை வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலானது. அது ஒப்பந்தத்தைத் தொடுவதில்லை.

ஆகவே, முடிவறிவிக்காமல் பணத்தை மட்டும் திருப்பி எடுத்தவரின் ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது, கடன் வளர்கிறது. முதலில் ‘மானுங்’ எனப்படும் நினைவூட்டற் கடிதம் வரும். பின்னர் ‘இன்காசோ’ எனப்படும் கடன் வசூலிப்பு நிறுவனம் தன் கட்டணத்தையும் சேர்த்துக் கேட்கும். அதன்பின் ‘ஷூஃபா’ என்ற கடன்தகைமைப் பதிவகத்தில் பதியப்படும் இடர் உண்டு. அப்பதிவு, வீடு வாடகைக்கு எடுக்கச் செல்லும்போது குறுக்கே நிற்கும். மாதம் 20 யூரோவுக்குரிய ஒரு சந்தா, ஒரு குடும்பத்தின் வீட்டுத் தேடலைக் கெடுக்கக்கூடும் என்பது மிகைக்கூற்று அன்று.

முறை இதுதான்: முதலில் முடிவறிவித்தல், உறுதிப்படுத்தலைப் பெறுதல், ஒப்பந்தம் முடிந்த பின்னரும் பணம் எடுக்கப்பட்டால் அதனை வங்கி வழியே திரும்பப் பெறுதல்.

6. பதினான்கு நாட்கள்

இணையத்திலோ தொலைபேசியிலோ செய்த ஒப்பந்தத்திலிருந்தும், வீட்டு வாசலிலோ தெருவிலோ விற்பனையாளர் வந்து செய்வித்த ஒப்பந்தத்திலிருந்தும், பொதுவாகப் பதினான்கு நாட்களுக்குள் காரணமின்றி விலகலாம். இவ்வுரிமைக்கு ‘விடருஃப்’ என்று பெயர். கதவைத் தட்டி மின்சார ஒப்பந்தம் விற்பவரிடம் ஒப்பமிட்டவர் அன்றிரவே விலகற் கடிதம் எழுதலாம். இவ்வுரிமையைப் பற்றி நிறுவனம் முறையாக அறிவிக்காதிருந்தால், அவகாசம் மேலும் பன்னிரண்டு மாதங்கள் நீளும்.

ஆனால் கடைக்குள் அல்லது உடற்பயிற்சி நிலையத்தின் மேசையில் நேரிற் சென்று ஒப்பமிட்டவருக்குச் சட்டம் இவ்வுரிமையைத் தரவில்லை. “பதினான்கு நாள் எல்லாவற்றிற்கும் உண்டு” என்ற நம்பிக்கை நம்மவரிடையே பரவலாக உள்ளது, அது பிழையானது.

முதல் மாதம் இலவசம் என்ற வகைச் சந்தாக்களில், இலவசக் காலம் முடிவதற்குமுன் முடிவறிவிக்காவிடின் கட்டணக் காலம் தொடங்கிவிடும். இணைந்த அன்றே கைத்தொலைபேசி நாட்காட்டியில் நினைவூட்டல் இட்டுவைப்பதே எளிய காப்பு.

7. பிள்ளைகளும் ஒப்பந்தங்களும்

ஏழு வயதுக்கு மேற்பட்டு பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை, மாதாந்தக் கட்டணமுள்ள சந்தாவில் இணைந்தால், அது செல்லுபடியாவதற்குப் பொதுவாகப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். கைச்செலவுப் பணத்தில் வாங்கும் சிறு பொருள்களுக்குரிய விலக்கு, கட்டணம் தொடர்ந்துவரும் சந்தாவுக்குப் பொருந்தாது. ஒப்புதல் தருகிறீர்களா என நிறுவனம் பெற்றோரைக் கேட்டு, இரு வாரங்களுக்குள் பெற்றோர் விடையளிக்காவிட்டால், மறுத்ததாகவே சட்டம் கொள்ளும். இங்கு மௌனம் மறுப்பாகிறது. ஆயினும் மறுப்பை எழுத்தில் தெரிவித்துவிடுவதே பாதுகாப்பு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஜேர்மன் மொழி தெரிந்த பிள்ளையை அருகிருத்தித் தாயோ தந்தையோ தம் பெயரில் ஒப்பந்தம் செய்தால், அது பெற்றோரின் ஒப்பந்தமே. பிள்ளை சரியாக மொழிபெயர்க்கவில்லை என்பது பொதுவாக ஏற்கப்படாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தோளில் அப்பொறுப்பை ஏற்றாமல், ஒப்பமிடுவதற்கு முன் பத்திரத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று, வயதுவந்த ஒருவரிடம் வாசித்தறிவது அனைவருக்கும் நன்று.

8. கடிதம் வந்துவிட்டால்

நீங்கள் கடன்படவில்லை எனக் கருதும் தொகையைக் கேட்டுக் கடிதம் வந்தால், அதனை எழுத்தில் மறுக்கவேண்டும். மறுக்கப்பட்ட கோரிக்கையை நினைவூட்டற் கடிதங்களை மட்டும் ஆதாரமாகக் கொண்டு ஷூஃபாவிற் பதிய இயலாது. பேசாதிருந்தால் அப்பாதுகாப்பை இழக்க நேரிடும்.

மஞ்சள் நிற உறையில் நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்தால், அது ‘மான்பெஷைட்’ எனப்படும் கொடுப்பனவுக் கட்டளையாக இருக்கலாம். கோரிக்கை நியாயமானதா என்று ஆராயாமலே நீதிமன்றம் இதனை அனுப்புகிறது. மறுப்பைத் தெரிவிக்க இரண்டு வாரங்கள் தரப்படும்; உடன் இணைத்த படிவத்தில் மறுப்பைக் குறித்து அனுப்பலாம். அவ்வாறு செய்யாவிடின் அடுத்துச் சொத்துப் பற்றுக்கு வழிவகுக்கும் கட்டளை வரும். உறையிற் குறித்த விநியோகத் திகதியைக் காத்துவைக்க வேண்டும். தவணை அந்நாளிலிருந்தே எண்ணப்படும்.

‘ஃபெர்பிரௌஹர்சென்ட்ராலே’ எனப்படும் நுகர்வோர் ஆலோசனை நிலையங்கள் 16 மாநிலங்களிலும் உள்ளன. குறைந்த கட்டணத்தில் ஒப்பந்தங்களைப் பார்வையிட்டு ஆலோசனை தருகின்றன. அங்கு முடிவறிவித்தலுக்கான ஜேர்மன் மாதிரிக் கடிதங்களும் கிடைக்கும். வருமானம் குறைந்தோர் பெரும்பாலான மாநிலங்களில் தம் வட்டார நீதிமன்றத்தில் ‘பெராட்டுங்ஸ்ஹில்ஃபெ’ சான்று பெற்று, 15 யூரோ கட்டணத்தில் வழக்கறிஞரின் ஆலோசனையைப் பெறலாம். எமது மொழிபெயர்ப்பு மேசை கடிதங்களை வாசித்து விளக்கும். சட்டத் தரப்பாளராகச் செயற்படும் அதிகாரம் அதற்கு இல்லை.

9. கற்றதைச் சோதித்துப் பார்க்க

வினா 1: ஒருவர் 2023 செப்டெம்பரில் ஓராண்டுச் சஞ்சிகைச் சந்தா எடுத்தார், முடிவறிவிக்க மறந்தார். மேலும் ஓராண்டு கட்டணம் செலுத்தவேண்டும் என நிறுவனம் கூறுகிறது. சரியா?
விடை: இல்லை. ஒப்பந்தம் 2022 மார்ச் 1க்குப் பிற்பட்டது. மிகக்கூடியது ஒரு மாத முன்னறிவித்தலுடன் எப்போதும் முடிக்கலாம்.

வினா 2: ஒருவர் கைத்தொலைபேசி ஒப்பந்தத்தை விரும்பாமல், வங்கியில் பணத்தை நிறுத்திவிட்டார். ஒப்பந்தம் முடிந்ததா?
விடை: இல்லை. தனியாக முடிவறிவித்தல் தரவேண்டும்.

வினா 3: வாகனக் காப்புறுதி டிசம்பர் 31 உடன் முடிகிறது. டிசம்பர் 5 அன்று முடிவறிவித்தல் அனுப்பப்பட்டது. புதிய ஒரு மாத விதி உதவுமா?
விடை: உதவாது. காப்புறுதி இவ்விதிக்கு விலக்கு. நவம்பர் 30 தவணை கடந்துவிட்டது. ஆனால் நிறுவனம் கட்டணத்தை உயர்த்தியிருந்தால் தனி உரிமை எழக்கூடும். கட்டணக் கடிதத்துடன் ஆலோசனை பெறுக.

வினா 4: பதினைந்து வயது மகள் மாதக் கட்டணமுள்ள விளையாட்டுச் செயலியில் பெற்றோர் அறியாமல் இணைந்தாள். என்ன செய்யலாம்?
விடை: பெற்றோர் ஒப்புதல் மறுத்து உடனே எழுதவேண்டும், செலுத்திய தொகையையும் திரும்பக் கேட்கலாம்.

இன்று மாலை ஒரு தாளை எடுத்து, வீட்டிலுள்ள சந்தாக்கள் ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரங்களை எழுதுங்கள்: யார் பெயரில் உள்ளது, எப்போது தொடங்கியது, ஆரம்பக் காலம் எப்போது முடிகிறது, முடிவறிவித்தல் எத்திகதிக்குள் சேரவேண்டும். கடந்த மூன்று மாத வங்கிக் கணக்கறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் மறந்துபோன சந்தாவும் வெளிப்படும். வேண்டாதவற்றிற்கு உடனே எழுதி அனுப்பி, வரும் உறுதிப்படுத்தலை அத்தாளுடன் சேர்த்துவையுங்கள்.